முழங்கால் தண்ணீரில் கிடைத்த காசு

ஐம்பதைத் தாண்டிவிட்ட என் சகபாடிகளே, படி ஏறும்போது முழங்கால் ‘கடக்’ என்று சொல்ல, அதை யாரும் கேட்கவில்லை என்று நடிக்கிற நீங்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். எங்களுக்கும் இந்த நாட்டில் ஒரு சிறுபிராயம் இருந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் நம்புவதில்லை. நாங்கள் விமானத்தில் இருந்து இறங்கும்போதே பிரஷர் மாத்திரையும் கையுமாகத்தான் இறங்கினோம் என்பது அவர்களுடைய எண்ணம்.

போன மாதம் மெல்பேர்ணில், பொயிண்ட் குக் பக்கம் ஒரு பிறந்தநாள் வீடு. அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், தான் புதிதாக ஒரு மெற்றல் டிடெக்டர் வாங்கியிருப்பதாகச் சொன்னார். வார இறுதியில் கடற்கரைக்குப் போய்த் தேடுகிறாராம். “ஏதாவது கிடைச்சா எடுத்துக்கலாம் தானே அக்கா? யாருக்குத் தெரியப் போகுது?” என்று கேட்டார். எங்கள் அம்மா அன்றைக்கு அங்கே வராதது அவருடைய நல்ல காலம். வந்திருந்தால் கேக் வெட்டி முடியும்வரை அந்தத் தம்பிக்குச் சட்ட வகுப்பு நடந்திருக்கும்.

ஏனென்றால் அந்த மெசினைப் பிடித்துக்கொண்டு மெல்பேர்ண் கடற்கரையில் நடந்த முதல் தமிழ்ப் பெண் எங்கள் அம்மாதான். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். எனக்கு வேறு யாரையும் தெரியாது, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் நோபல் பார்க்கில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா ஊரில், யாழ்ப்பாணத்தில், நில அளவையாளர். இங்கே கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் நின்றார். அம்மா பிஸ்கற் பக்கற் பண்ணும் இடத்தில் பின்னேர வேலை. எங்களுக்கு இன்னும் பி.ஆர்., அதுதான் நிரந்தரமாக இங்கே இருக்கிற உரிமை, கிடைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் அந்தக் காத்திருப்பைக் கண்டவர்கள், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தபால்காரர் வாசலில் நின்றால் வீட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பச்சை விளக்கு எரிந்த பிறகும் அப்பா ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் ரோட்டைக் கடப்பார். எதிரே பொலிஸ் கார் வந்தால், பேசிக்கொண்டிருந்த வசனத்தை அப்படியே பாதியில் விட்டுவிடுவார். நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பத்து வயதில் தகப்பனைப் பற்றி அப்படி நினைப்பது ஒன்றும் பெரிய பாவமில்லை.

அந்த மெசின் எங்கள் வீட்டுக்கு வந்த கதையே ஒரு கூத்து. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பழைய சாமான்களைக் கராஜில் பரப்பி விற்றார்கள். அம்மா தனியாகப் போய், நீளமான தடியும் அடியில் வட்டத் தட்டும் உள்ள ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். நிலம் கூட்டுகிற மெசின் என்று நினைத்து வாங்கியிருக்கிறார். வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் அதைப் பிடித்துக்கொண்டு வயரைத் தேடினார். வயர் இல்லை. எதையோ அமத்தினார். அது கீச்சென்று கத்தியது. கம்பளத்துக்குக் கீழே கிடந்த ஒரு ஆணியை அது கண்டுபிடித்துவிட்டது.

மெசினோடு வந்த சிறு புத்தகத்தை அப்பா அகராதியோடு வாசித்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது நிலத்துக்குள்ள கிடக்கிற இரும்பு, செம்பு, தங்கம் தேடுற மெசினாம். திருப்பிக் குடுத்திட்டு வாரும்.”

“ஏன் குடுக்கவேணும்?” என்றார் அம்மா. “கூட்டுறதுக்குத் தும்புத்தடி கிடக்கு.”

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மோர்டியாலொக் கடற்கரையில் நின்றோம். குளிர்காலத்தின் தொடக்கம். அம்மா சேலைக்கு மேலே அப்பாவின் தடித்த கோட்டைப் போட்டு, காலில் றப்பர் பூட்ஸ் மாட்டி, தலையில் கம்பளித் தொப்பி, அதற்கு மேலே இரண்டு காதையும் மூடும் ஹெட்போனோடு நடந்தார். நாயோடு உலாத்த வந்த வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நாய்களும் பார்த்தன. அப்பா காருக்குள் இருந்து, தனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு பேப்பர் வாசித்தார்.

என் வேலை தோண்டுவது. அம்மா தட்டை இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டு போவார். சட்டென்று நின்று, “இதிலை, பிள்ளை” என்பார். நான் சின்ன மண்வெட்டியால் ஈர மணலைக் கிளறி ஒரு வடிதட்டில் போட்டு ஆட்டுவேன். கடற்பாசி மணம், நனைந்த கம்பளி மணம், தூரத்துக் கடையிலிருந்து வினாகிரி விட்ட சிப்ஸின் மணம். விரல் நுனி மரத்துப்போகும். வடிதட்டில் ஏதாவது மிஞ்சினால் அந்தக் குளிரெல்லாம் எங்கே போனதென்று தெரியாது.

என்ன மிஞ்சியது என்று கேட்கிறீர்களா? சோடா ரின் திறக்கும் வளையங்கள், போத்தல் மூடிகள், தூண்டில் ஈயக்குண்டுகள், சக்கரம் இல்லாத விளையாட்டுக் கார், துருப்பிடித்த பூட்டுத் திறப்புகள், தலைமயிர் கிளிப், ஒரு ஒற்றைத் தோடு, இடைக்கிடை சில்லறைக் காசு. ரின் வளையத்துக்கு மெசின் வாத்துப்போல் கத்தும். நல்ல சாமானுக்கு மணி அடித்ததுபோல் சுத்தமான சத்தம். சில வாரம் பழகியதும் அம்மா தோண்டாமலே சொல்லிவிடுவார், “இது ஈயம், விடு” என்று. எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போய்ச் சேரும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவது எனக்குப் பள்ளிப் பாடத்தைவிடப் பெரிய வேலை.

அம்மா எதைச் செய்தாலும் முறையாகச் செய்கிற ஆள். நூலகத்துக்குப் போய், இந்தப் பொழுதுபோக்குக்கு என்ன சட்டம் என்று கேட்டு ஒரு மடித்த தாளை வாங்கிவந்தார். நான் வாசித்துச் சொல்ல, அவர் கேட்டுப் பாடமாக்கினார். தங்கம் தேடுவதென்றால் தனி அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். பாதுகாத்து வைத்திருக்கும் பழைய இடங்களில் மெசினைக் கொண்டுபோகவே கூடாது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பொருள் எதையாவது கண்டால் தொடாமல் அறிவிக்கவேண்டும். பழங்காலச் சாமான் என்று தோன்றினால் அறிவிக்கவேண்டும். யாரோ தொலைத்த பெறுமதியான பொருள் என்றால் பொலிஸில் ஒப்படைக்கவேண்டும். தோண்டிய குழியை மூடவேண்டும். கடைசி விதியை அம்மா மற்ற எல்லாவற்றையும்விட நேசித்தார். நான் மூடிய குழியை அவர் காலால் மிதித்துச் சரிபார்ப்பார். அந்த ஒற்றைத் தோட்டையும் ஒப்படைக்கவேண்டும் என்றுதான் சொன்னார். “அது பித்தளை” என்று அப்பா ஒருவழியாக வாயை அடைத்துவிட்டார்.

ஆவணி மாதம், இங்கே குளிர்காலத்தின் கடைசியில், ஒரு பெரும் காற்று அடித்தது. மூன்று நாள் கடல் மணலை வாரி எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிந்திய சனிக்கிழமை, கடலுக்குள் நீளும் மரப்பாலத்துக்குப் பக்கத்தில், அலை வந்து போகும் ஓரத்தில் மெசின் மணி அடித்தது. அம்மா பூட்ஸ் நனைய நின்றுகொண்டு கையைக் காட்டினார். நான் இரண்டு தரம் தோண்டினேன். மூன்றாவது தரம் வடிதட்டில் ஒரு சின்னச் செம்புக் காசு கிடந்தது. தடிப்பாக, வட்டம் கொஞ்சம் கோணலாக, ஓரத்தில் பச்சை படர்ந்து.

அம்மா அதைக் கோட்டில் துடைத்தார். ஒரு பக்கம் மனித உருவம். மற்றப் பக்கம் படுத்திருக்கும் மாடு. மாட்டுக்குக் கீழே தமிழ் எழுத்து. அம்மா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டார். “சேது” என்று மெதுவாக வாசித்தார். பிறகு காரைப் பார்த்து, அந்தக் கடற்கரையே திரும்பிப் பார்க்கிற குரலில், “இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!” என்று கத்தினார். அப்பா பேப்பரோடேயே ஓடிவந்தார்.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வரவேற்பறையில் தமிழ்ச் சங்கத் தலைவர் இருந்தார். கணக்காளர் வேலை, மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல். அப்பா ஒருவரிடம் சொல்லப்போய், அவர் இன்னொருவரிடம் சொல்லி, அது அவர் காதுக்குப் போய்விட்டது. தலைவர் காசைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணில் ஒற்றினார்.

“தம்பி, இது சும்மா காசில்லை. ‘சேது’ எண்டு போட்டு யாழ்ப்பாணத்து ராசாக்கள் அடிச்ச காசு. ஐந்நூறு வருசத்துக்குக் குறையாது. விளங்குதோ? வெள்ளைக்காரன் கப்பல் வாறதுக்கு முன்னமே எங்கட ஆக்கள் மெல்பேர்ணில வந்து இறங்கியிருக்கினம்.”

“இறங்கி?” என்று கேட்டார் அம்மா, வடைத் தட்டோடு நின்றபடி.

“இறங்கி வியாபாரம் செய்திருக்கினம்! இனி இவை எங்களுக்கு என்ன பி.ஆர். குடுக்கிறது? நாங்கள் எல்லோ அவையளுக்குப் பி.ஆர். குடுக்க வேணும்!”

அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு நான் கண்ட சிரிப்பு. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஆயிரமாயிரம் வருடங்களாக இங்கேயே இருக்கிற ஒரு சனம் உண்டு என்பதும், முதலில் வந்தது நீயா நானா என்ற எங்கள் பேச்சைக் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வடை மட்டும் முடிந்தது.

தலைவர் திட்டத்தைச் சொன்னார். காசு சங்கத்திடம் இருக்கவேண்டும். ஆண்டுவிழாவில் மேடையில் வைத்து அறிவிக்கவேண்டும். கண்டுபிடித்தவர் என்று அப்பாவுக்குப் பொன்னாடை.

“கண்டெடுத்தது நான்” என்றார் அம்மா.

“குடும்பம் எண்டு சொல்லுவம், தங்கச்சி.”

“அதோட, அண்ணை, பழஞ்சாமான் எண்டா அறிவிக்க வேணுமாம். ஆரும் துலைச்சதெண்டாலும் பொலிசில குடுக்க வேணுமாம். நாளைக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கப் போறன்.”

தலைவர், குடுத்தால் வெள்ளைக்காரன் மறைத்துவிடுவான் என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினார். அப்பாவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

தலைவர் போன பிறகுதான் சண்டை. நான் குசினி மேசையில் ஈயக்குண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள்.

“பொலிஸ் ஸ்ரேசனுக்கு எங்கட வீட்டிலிருந்து ஒருத்தரும் போறேல்லை” என்றார் அப்பா. “பி.ஆர். வருமட்டும் எண்டு சொல்லேல்லை. ஒருநாளும் போறேல்லை.”

“இது அந்த நாடில்லையப்பா.”

“எந்த நாடெண்டாலும் ஸ்ரேசன் கதவு ஒண்டுதான். அண்ணா என்ன களவெடுத்தவரோ? ஆரோ எங்கட வேலியோரம் விட்டிட்டுப் போன சைக்கிளை ஒப்படைக்கப் போனவர். ‘ஆற்றையோ பொருள், சொந்தக்காரர் தேடுவினம்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். இப்பிடித்தான் போனவர். இதே கதை சொல்லித்தான் போனவர்.”

எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பது தெரியும். அவர் ‘ஊரில் இல்லை’ என்பது மட்டும்தான் சொல்லப்பட்டிருந்தது. படம்கூட வீட்டில் மாட்டவில்லை. மாட்டினால் மாலை போடுவதா விடுவதா என்ற கேள்வி வரும் என்பதால் மாட்டவில்லை என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அந்தச் சைக்கிளோடு ஸ்ரேசன் வாசலுக்குள் போனவரை அதன்பிறகு எவரும் காணவில்லை. அவருக்காக யாரும் திவசம் செய்யவில்லை, ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகவில்லை. இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஒருவருக்கு எதைச் செய்வது?

அம்மா அடுப்பை அணைத்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“உங்கட அண்ணாவை அதுக்குப் பிறகு ஆரோ ஒருத்தன் கண்டிருப்பான்தானே? எங்கயோ ஒரு இடத்தில. கண்டவன் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நீங்கள் இத்தினை வருசம் இப்பிடி இருப்பீங்களோ? கண்டதைச் சொல்லாமல் விடுற ஆளா என்னை இருக்கச் சொல்லுறீங்களோ?”

அப்பா பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனார். உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அம்மா அழுதுகொண்டே பாத்திரம் கழுவினார். நான் அசையாமல் இருந்தேன். அம்மா அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்றும், சொன்னது சரி என்றும் ஒரே நேரத்தில் எனக்குத் தோன்றியது.

அடுத்தநாள் காலை அப்பா வேலைக்குப் போகவில்லை. சவரம் செய்து, இன்ரவியூவுக்குப் போடும் கோட்டைப் போட்டு, காரில் ஏறி இருந்தார். நாங்களும் போய் ஏறினோம். என் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஸ்ரேசன் வாசலில் காரை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. “நான் இதிலயே நிக்கிறன்” என்றார். அம்மாவும் நானும் இறங்கிப் போனோம். அம்மா இரண்டு ஆங்கில வசனங்களை இரவு முழுக்கப் பாடமாக்கியிருந்தார்: இதை நான் கண்டெடுத்தேன், இது என்னுடையது அல்ல. அவற்றைத் தானே சொல்லுவார், நான் உதவக்கூடாது என்று எனக்குக் கட்டளை. மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பொலிஸ்காரரிடம் சொன்னார். மிகச் சரியாகச் சொன்னார். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருக்கச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நேரம் போயிற்று. சுவரில் தொலைந்த நாய் ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாயையே பார்த்தார்.

வாசல் கதவு திறந்தது. அப்பா. முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை. வந்து அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். இருக்கவில்லை.

“ஏன் வந்தனீங்கள்?” என்றார் அம்மா.

“உள்ள போன ஆக்கள் வெளிய வராமல் இருக்க, வெளியில நான் ஒருக்கா இருந்து பாத்திட்டன்” என்றார் அப்பா. “இன்னொருக்கா ஏலாது.”

அப்போது இன்னொரு பொலிஸ்காரர், பெரிய மீசைக்காரர், வெளியிலிருந்து வந்து, வாசலில் எஞ்சின் ஓட ஓட நின்ற கார் யாருடையது என்று கேட்டார். அப்பா கையை உயர்த்தினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. மீசைக்காரர் கிட்ட வந்தார். எஞ்சினை நிறுத்தி எடுத்துவந்த கார்த் திறப்பை அவர் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். கதவும் திறந்துகிடந்ததாம். பொலிஸ் ஸ்ரேசன் வாசலிலும் கார் களவு போகும், தங்களுக்கு அது பெரிய வெட்கமாகிவிடும் என்று சொல்லிச் சிரித்தார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பா சிரிக்க முயன்று, முடியாமல், கதிரையில் இருந்துவிட்டார். மீசைக்காரர் அவருக்கு ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காசை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பழம்பொருள் பார்க்கிற நூதனசாலைக்குக் காட்டுவோம், சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் உங்களுக்கே திரும்ப வரும் என்றார்கள். பற்றுச்சீட்டில் ‘மாட்டுப் படம் போட்ட பழைய காசு ஒன்று’ என்று எழுதியிருந்தது. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். அதை அவர் காரில் மூன்று தரம் வாசித்தார்.

இரண்டு வாரம் கழித்து நூதனசாலையிலிருந்து ஒரு பெண்மணி ரெலிபோன் எடுத்தார். நான் கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்தேன். காசு உண்மையிலேயே பழையது. யாழ்ப்பாணத்து அரசர்களுடையதுதான். ஆனால் கடலில் கிடந்தது ஐந்நூறு வருடமல்ல, சில வாரங்கள்தான். நெடுங்காலம் உப்பு மணலில் கிடந்திருந்தால் செம்பு அரித்துப்போயிருக்கும். இதுவோ ஒருவருடைய விரல்பட்டு வழவழப்பாகியிருக்கிறது. யாரோ அதைச் சட்டைப்பையில் வைத்து ஆண்டுக்கணக்காகத் தடவியிருக்கிறார்கள்.

தலைவர் இதைக் கேட்டதும், “பாத்தீங்களோ, மறைக்கத் தொடங்கிட்டாங்கள்” என்றார். இன்றைக்கும் அவர் கருத்து அதுதான். தொண்ணூறு வயதை நெருங்கிவிட்டார், நல்லாயிருக்கட்டும்.

அம்மா இருப்புக் கொள்ளாமல் தவித்தார். “இது எங்கட ஆக்களில ஒருத்தற்றை. இப்ப தேடிக்கொண்டு இருப்பினம்” என்றார். தமிழ்க்கடை வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினார். கடற்கரையில் பழைய காசு ஒன்று கண்டெடுக்கப்பட்டது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.

அறிவித்தலைப் பார்த்து வந்தவர் ஒரு அன்ரி. வெள்ளைச் சேலை, மகளின் பெரிய ஜாக்கெற். சிட்னியில் வெஸ்ட்மீட்டில் இருந்தவர். கணவர் அங்கே இறந்த பிறகு மெல்பேர்ணில் மகளோடு இருக்க வந்தவராம். அதனால் இங்கே அவரை எவருக்கும் தெரியாது. குசினிக்குள்ளேயே வந்து இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்.

“மாட்டின்ரை கொம்புக்குப் பக்கத்தில ஒரு கீறல் இருக்கும். செம்போ எண்டு பாக்க அவர் பெடியனாய் இருக்கேக்க கத்தியால கீறினவர். சரித்திரம் படிப்பிச்ச மனுசன். கலியாணத்தண்டும் அது சட்டைப்பைக்குள்ள கிடந்தது.”

“எப்பிடி அன்ரி துலைச்சனீங்கள்?” என்று அம்மா கேட்டார்.

“துலைக்கேல்ல பிள்ளை. போட்டனான். என்னைக் கரைக்கிற இடத்தில இதையும் போடு எண்டு சொல்லியிருந்தவர். சாம்பலைக் கரைக்க நானும் மகளும் போனம். ஐயோ, அந்தக் குளிர்! ஊர்க் கடல் மாதிரி நினைச்சு இறங்கிட்டன். முழங்காலுக்கு மேல ஒரு அடி வைக்க ஏலேல்ல. அதிலயே எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்திட்டன். காசைத் தூரவாய் எறிவம் எண்டா கை விறைச்சுப்போச்சு, காலடியிலயே விழுந்திட்டுது.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “உயிரோட இருக்கேக்கயும் சொல்லுறதைக் கேக்கமாட்டார். வெளிய வந்திட்டார் பார்.”

அம்மாவும் சிரித்தார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

“ஏன் பிள்ளை குடுத்தனி? வைச்சிருந்தா ஆருக்கும் தெரிஞ்சிராதே” என்றார் அன்ரி.

அம்மா வாயைத் திறக்க முன்பு, குசினி வாசலில் நின்ற அப்பா சொன்னார்: “கண்டால் சொல்லவேணும் அக்கா. சொல்லாட்டித் தேடுறவைக்கு ஒரு முடிவே வராது.”

அம்மா திரும்பிப் பார்த்தார்.

நூதனசாலையிலிருந்து திரும்பிய காசை எடுக்க அன்ரியை ஸ்ரேசனுக்குக் கூட்டிப்போனது அப்பாதான். இந்த முறை எஞ்சினை நிறுத்தி, கதவைப் பூட்டி, முதல் ஆளாக உள்ளே போனார். மீசைக்காரர் அவரை அடையாளம் கண்டு, திறப்பு எங்கே என்று கேட்டார். அப்பா திறப்பைத் தூக்கிக் காட்டினார்.

அங்கிருந்து நேரே கடற்கரைக்குப் போனோம். அன்ரிக்குக் காசைத் திரும்பவும் கடலில் சேர்க்கவேண்டும். “நீங்கள் விட்ட இடத்திலயே விட்டா, இன்னொரு மெசின்காரி வருவா” என்றார் அம்மா. “ஆழத்தில போடவேணும்.”

“கடல்ல காசு போட உம்மடை சட்டத்தில இடமிருக்கோ?” என்று அப்பா கேட்டார்.

“அந்தத் தாளில அதைப் பற்றி ஒண்டும் இல்லை.”

அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். சப்பாத்து, சேட், காற்சட்டை எல்லாம் வந்து சேர்ந்தன. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஆள் என்பது எனக்குத் தெரியும்; ஆனால் இந்த நாட்டில் அவர் ஒருநாளும் கடலில் கால் நனைத்ததில்லை. உள்ளே போட்டிருந்த அரைக்காற்சட்டையோடு நின்று, அன்ரியிடம் காசை வாங்கி, கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டார். அம்மா, “விசரே உங்களுக்கு, இந்தக் குளிருக்குள்ள!” என்று கத்தினார். வாய்க்குள் காசு இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஓடிப்போய் விழுந்தார்.

அவர் நீந்தியதை நான் வாய் பிளந்து பார்த்தேன். மரப்பாலத்தின் முனை தாண்டி, மஞ்சள் மிதவை வரைக்கும், ஒரு தெறிப்பும் இல்லாமல் போனார். அங்கே நின்று தலையை உள்ளே விட்டார். வெளியே வந்தார். காசு போய்விட்டது. திரும்பி வருவார் என்று பார்த்தால், மறுபடியும் முழுகினார். வெளியே வந்து, கைகளைக் கூப்பி, மூன்றாம் தரமும் முழுகினார்.

“ஏன் அம்மா, காசு போகேல்லையோ?” என்று கேட்டேன்.

அன்ரிக்கு விளங்கிவிட்டது. “தம்பி ஆருக்கு முழுகிறார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தமையனுக்கு” என்றார் அம்மா.

அன்ரியும் கைகூப்பினார். நானும் அப்பாவின் உடுப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் குளிரிலும் எனக்கு மனம் நிறைந்திருந்தது.

வரும்போது அப்பாவின் உதடு நீலம். அம்மா கம்பளித் தொப்பியை அவர் தலையில் இழுத்து மாட்டி, தன் சேலைத் தலைப்பால் முதுகைத் துடைத்தார், கடற்கரையில் அத்தனை வெள்ளைக்காரர்கள் பார்க்க. காரில் ஹீற்றரை முழுவதும் போட்டுக்கொண்டு வந்தோம். பாதி வழியில் பற்கள் அடித்துக்கொள்ள அப்பா பேசத் தொடங்கினார். பெரியப்பாவைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் கதை அது.

சின்ன வயதில் பெரியப்பா வளவுக்குள் ஒரு கோழியைக் கண்டாராம். ஆற்றையோ கோழி, தேடுவினம் என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போய்க் கேட்டாராம். பார்த்த வீடெல்லாம் “எங்கட கோழிதான்” என்றார்களாம். அடையாளம் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லையாம். விடிய வெளிக்கிட்டவர் பொழுதுபடக் களைத்து வீட்டுக்கு வந்தால், அவருடைய அம்மா வாசலில் தும்புத்தடியோடு நிற்கிறாராம். கோழி அவர்கள் வீட்டுக் கோழியேதான். காலையிலிருந்து வீடே அதைத் தேடிக்கொண்டிருந்ததாம்.

பின்சீட்டில் அன்ரி சிரித்ததில் கார் குலுங்கியது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு ஓட்டமுடியவில்லை, பெற்றோல் அடிக்கும் ஒரு செற் ஓரமாகக் காரை நிறுத்தினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவினார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கோழிக் கதையை முதலிலிருந்து சொல்லுங்கோ என்றேன். சொன்னார்.